கடைசியா வர்றது யாரு?

உங்க கிளாஸ்ல புதுசா கியர் சைக்கிள் வாங்கின ஒரு ஆள் கண்டிப்பா இருப்பாங்க. இல்லைன்னா, அந்த ஆள் நீங்களாவே இருப்பீங்க. முதல் வாரம் வீட்டுக்கும் காலேஜுக்கும் ஓட்டுவீங்க. ரெண்டாவது வாரம் கோட்டையைச் சுத்தி ரெண்டு ரவுண்டு. மூணாவது வாரம் ஸ்ரீபுரம் வரைக்கும் போயிட்டு வந்து, 'அடுத்தது என்ன?'னு கால் துறுதுறுங்கும். கரெக்டா அந்த நேரம் பார்த்து யாராவது ஒருத்தர் மொபைலுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுவாங்க.

'ஞாயிறு காலை 5 மணி. கோட்டை வாசல். ஆம்பூர் ரைடு. 100 கி.மீ. பிரியாணி உண்டு!'

எனக்கும் வந்துச்சு. படிச்ச உடனே 'ஐயாம் இன்'னு பதில் போட்டேன். அந்த மெசேஜ்ல என்ன இருக்குனு பார்த்த நான், என்ன இல்லைனு பார்க்கலை. அதுக்கு வாங்கின பல்புதான் இந்தக் கட்டுரை. நீங்க அதே பல்பை வாங்கக் கூடாதுங்கிறதுக்காக எழுதுறேன்.

பள்ளிகொண்டாவில் ஒரு பல்பு!

வீட்டுல பர்மிஷன் வாங்குறதுதான் முதல் மலை. விடியறதுக்கு முன்னாடி, ஹைவேஸ்ல, பொம்பளப் பிள்ளை சைக்கிள்ல போறதுன்னா எந்த அம்மாதான் சரின்னு சொல்வாங்க? 'தனியா இல்லம்மா... குரூப்பா போறோம்'னு சொன்னேன். அந்த ஒத்தை வார்த்தைக்குத்தான் பச்சைக்கொடி கிடைச்சது.

அத்தை பையனோட கியர் சைக்கிளைக் கடன் வாங்கிட்டுப் போனேன். மொத்தம் பதினாலு பேர். நான் ஒருத்திதான் புதுசு. கோட்டை வாசல்ல செல்ஃபி எடுக்கிற வரைக்கும் எல்லாரும் ஒண்ணாதான் இருந்தோம். ஹைவேஸ் ஏறினதும் முன்னாடி போனவங்க சர்ருனு கிளம்பிட்டாங்க. நான் வழக்கமா ஓட்டுறது மணிக்கு 19, 20 கி.மீ. அன்னிக்கு மீட்டர்ல 28! பயமும் சந்தோஷமுமா நாக்கு தள்ள மிதிச்சேன். விரிஞ்சிபுரம் தாண்டறதுக்குள்ள, எனக்கு முன்னாடி மின்னிட்டிருந்த சிவப்பு லைட்டு ஒவ்வொண்ணா சின்னதாகி, அப்புறம் காணாமலே போச்சு.

பள்ளிகொண்டா நெருங்கும்போது பின் டயர்ல 'புஸ்ஸ்...'. மணி ஆறரைகூட ஆகலை. தள்ளிட்டே போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடிச்சேன். கடைக்கார பாய் நல்ல மனுஷன், தூக்கக் கலக்கத்தோட எழுந்து வந்து பஞ்சரும் ஒட்டிட்டார். ஆனா, காத்து அடிக்க முடியலை! என் டியூப்ல இருந்தது ஒல்லியான ஃபிரெஞ்ச் வால்வு. அவர் கம்ப்ரசர் வாய் அதுல உட்காரவே இல்லை. 'இந்த மாதிரி வண்டிக்கு ஒரு பித்தளை வாய் வரும்மா. அதை வெச்சிருந்தா ரெண்டு நிமிஷ வேலை'ன்னார். என்கிட்ட பித்தளை வாயும் இல்லை, பம்ப்பும் இல்லை.

குரூப்புக்கு போன் போட்டா, யாரும் எடுக்கலை. ஓட்டும்போது எப்படி எடுப்பாங்க? பக்கத்து டீக்கடை அக்கா ஒரு சேர் போட்டு உட்கார வெச்சாங்க. அத்தை பையன் பைக்ல பம்ப்போட வந்து சேர ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள மொபைல்ல ஒரு மெசேஜ். 'ஆம்பூர் ரீச்டு. எல்லாரும் வந்தாச்சா?'

அந்தக் கேள்வியை ஆம்பூர்ல கேட்டாங்க. அதைக் கேட்டிருக்க வேண்டிய இடம் விரிஞ்சிபுரம்!

சாயங்காலம் அம்மாகிட்ட மறைக்க மனசு வரலை. எல்லாத்தையும் கொட்டிட்டேன். 'இனிமே சைக்கிளைத் தொட்டே...'னு ஆரம்பிப்பாங்கன்னு பார்த்தா, அமைதியா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'கடைசியா வர்றது யாருன்னு கேட்டியா?'

எங்க அம்மாவுக்கு ஷூ கம்பெனியில தையல் செக்‌ஷன்ல வேலை. 'எங்க கம்பெனி பஸ்ல கடைசி ஆள் ஏறாம வண்டியை எடுக்க விட மாட்டோம். டிரைவர் ஹாரன் அடிச்சாலும் சரி, இன்னும் ஒருத்தி வரணும்னு நாலு பேர் கத்துவோம். அதுக்குப் பேருதான் குரூப்பு. நீ போனது கூட்டம்'னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. நாலு செமஸ்டர்ல ஒரு லெக்சரும் இப்படி மண்டையில ஏறினதில்லை!

ரெண்டு ரகம் இருக்கு பாஸ்!

அந்தப் பதினாலு பேரும் கெட்டவங்க இல்லை. அவங்களைப் பொறுத்தவரை, 'அவங்கவங்க வேகத்துல போய், ஆம்பூர்ல சந்திக்கிறோம்'ங்கிறதுதான் டீல். நான்தான் 'கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க'ன்னு நினைச்சுட்டேன். தப்பு எங்கேன்னு தேடினப்போதான், இதே குழப்பம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே சைக்கிள் உலகத்தை ரெண்டாப் பிரிச்ச கதை தெரிஞ்சது.

1897-ம் வருஷம் ஜூன் மாசம், இத்தாலியில பன்னிரண்டு பேர் ரோம் நகரத்துல இருந்து நேப்பிள்ஸ் வரைக்கும் சுமார் 230 கி.மீ. தூரத்தை, பொழுது விடிஞ்சு பொழுது சாயறதுக்குள்ள சைக்கிள்லயே கடந்தாங்க. அந்தக் காலத்து சைக்கிள், அந்தக் காலத்து ரோடு! 'துணிச்சல்காரங்க'ங்கிற அர்த்தத்துல லத்தீன் மொழியில 'ஆடக்ஸ்'னு பேர் வந்துச்சு. 1904-ல அது பிரான்ஸுக்குப் போச்சு. அங்க அதை நடத்தினது கேப்டன் முறையில. முன்னாடி ஒரு கேப்டன், அவர் வைக்கிறதுதான் வேகம். யாரும் அவரைத் தாண்டக் கூடாது. போனா எல்லாரும் சேர்ந்து, நின்னா எல்லாரும் சேர்ந்து.

1921-ல தகராறு வந்துச்சு. ஆடக்ஸ் கிளப் பாரிசியன்ங்கிற கிளப், 'கேப்டனே வேணாம். அவங்கவங்க வேகத்துல ஓட்டட்டும், நேரத்துக்குள்ள வந்தா போதும்'னு தனி வழியில கிளம்பிடுச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க, நம்ம ஊர்லயும், 'பி.ஆர்.எம்.'னு நடக்கிற நெடுந்தூர சைக்கிள் சவாரி எல்லாம் இந்த ரெண்டாவது வழியில வந்ததுதான். கேப்டன் முறையும் சாகலை. பிரான்ஸ்ல இன்னும் மணிக்கு 22.5 கி.மீ. வேகத்துல, கேப்டன் பின்னாடி ஒண்ணா ஓட்டுற சவாரி நடக்குது.

ஆக, உலகத்துல ரெண்டே ரகம்தான். ஒண்ணு, கேப்டன் ரகம்: சேர்ந்து போய், சேர்ந்து வர்றது. இன்னொண்ணு, ஃப்ரீ ரகம்: சேர்ந்து கிளம்பி, அவங்கவங்க பாடு. ரெண்டுமே நல்லதுதான். ஆனா, புதுசா நெடுந்தூரம் போறவங்களுக்கு முதல் ஆறு மாசத்துக்கு முதல் ரகம்தான் சரி. வர்ற மெசேஜ்ல ரெண்டு ரகத்துக்கும் 'குரூப் ரைடு'ன்னுதான் போட்டிருக்கும். உஷார்!

இது ஷூ மாதிரி. ஆம்பூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். எட்டாம் நம்பர் காலை ஆறாம் நம்பர் ஷூவுல திணிச்சா, எவ்வளவு காஸ்ட்லியான ஷூவா இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும். பிராண்டு பார்க்காதீங்க, சைஸ் பாருங்க.

எட்டு கிலோமீட்டர்தானே அதிகம்?

'நான் 20-ல ஓட்டுறேன், அவங்க 28-ல ஓட்டுறாங்க. எட்டுதானே, கொஞ்சம் அழுத்தி மிதிச்சா போச்சு'ன்னுதான் நானும் நினைச்சேன். இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு இப்படி நினைச்சது வெட்கக்கேடு.

சைக்கிள்காரங்களோட முதல் எதிரி காத்து. காத்து நம்மைத் தடுக்கிற விசை, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். அதைத் தள்ள நாம கொடுக்கிற பவர், வேகத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கால்குலேட்டர் எடுங்க. 20-ல இருந்து 25-க்குப் போனா, காத்தைத் தள்ள மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பவர். 28-க்குப் போனா ரெண்டே முக்கால் மடங்கு. 30-ஐத் தொட்டா மூணு மடங்குக்கு மேல!

'அப்போ அவங்க எப்படி அவ்வளவு தூரம் ஓட்டுறாங்க?' அங்கதான் ட்ரிக். முன்னாடி போறவங்க காத்தைக் கிழிச்சுட்டுப் போவாங்க. பின்னாடி ஒட்டி வர்றவங்களுக்கு அந்தத் தடையில கால்வாசி அளவுக்காவது மிச்சமாகும். ஆளை மாத்தி மாத்தி முன்னாடி விட்டு ஓட்டுவாங்க. புதுசா வர்றவங்களும் ஆரம்பத்துல அந்த நிழல்ல ஜாலியா போயிடலாம். ஆனா ஒரு மேடு வந்து, முன் சக்கரத்துக்கும் உங்களுக்கும் நடுவுல நாலு சைக்கிள் இடைவெளி விழுந்துச்சுன்னா, அத்தனை காத்தும் உங்க நெஞ்சுல. ஏற்கெனவே களைச்சுப் போன நேரத்துல முன்னைவிட அதிக பவர் வேணும். அதனாலதான் ஒரு தடவை கழன்றவங்க திரும்பப் போய்ச் சேர முடியறதே இல்லை. அவங்களா வேகம் குறைச்சாத்தான் உண்டு. இதுல உங்க சோம்பேறித்தனம் ஒண்ணும் இல்லை, இது பக்கா பிசிக்ஸ்.

பின் குறிப்பா ஒரு எச்சரிக்கை. ஒட்டி ஓட்டுறது பழகினவங்க வேலை. முன் ஆள் பிரேக் பிடிச்சா நீங்க குப்புற விழுவீங்க. முதல் சில ரைடுகள்ல ஒரு முழு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்க.

கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு!

அடுத்த தடவை மெசேஜ் வந்தா, 'ஐயாம் இன்' போடுறதுக்கு முன்னாடி இந்த ஆறையும் கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கப்படாதீங்க. நல்ல குரூப் சந்தோஷமா பதில் சொல்லும். 'வந்து பாரு, தெரியும்'னு சொன்னா, நீங்க போகாம இருக்கிறதே நல்லது.

1. சராசரி வேகம் எவ்வளவு? ஓடும்போதா, மொத்தத்துலயா? இது ரொம்ப முக்கியம். ஒரு உதாரணம். மணிக்கு 20 கி.மீ. ஓடும் வேகத்துல 100 கி.மீ. போக 5 மணி நேரம். டீ, டிபன், பஞ்சர்னு ஒரு மணி நேரத்தைச் சேர்த்தா மொத்தச் சராசரி 17-க்கு இறங்கிடும். அதனால 'சராசரி 22'ன்னு சொன்னா, எந்த 22-ன்னு கேளுங்க. உங்க சொந்த வேகத்தையும் நேர்மையா சொல்லுங்க. தனியா ரெண்டு மணி நேரம் நிதானமா ஓட்டி எடுத்த சராசரிதான் உங்க வேகம். இறக்கத்துல தொட்ட 40 கணக்குல வராது!

2. கடைசியா வர்றது யாரு? எங்க அம்மா கேள்வி. அனுபவம் உள்ள ஒருத்தர் எல்லாருக்கும் பின்னாடி, யாரையும் தாண்டாம வரணும். 'ஸ்வீப்'னு சொல்வாங்க. அந்த ஆள் யார், அவர் போன் நம்பர் என்ன? பேர் சொல்ல முடியலைன்னா, அப்படி ஒரு ஆளே இல்லைனு அர்த்தம்.

3. எங்கெங்க நிப்பீங்க? புதுசா வர்றவங்க இருந்தா 20, 25 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எல்லாரும் சேர்ற மாதிரி நிறுத்தம் வேணும். 'நேரா ஆம்பூர்தான்'னா, அது ஃப்ரீ ரகம்.

4. எத்தனை பேர்? எட்டு, பத்து பேருக்கு மேலன்னா ரெண்டு பிரிவா, ரெண்டு வேகமா பிரிப்பாங்களா? பெரிய கூட்டம்னா பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. பெரிய கூட்டத்துலதான் ஒருத்தர் காணாமப் போனா யாருக்கும் தெரியாது.

5. பஞ்சர் ஆனா நிப்பீங்களா? ஸ்பேர் டியூப், பம்ப் யார்கிட்ட இருக்கும்? நம்ம வால்வுக்கு அது சேருமா?

6. பாதியில திரும்பணும்னா வழி என்ன? உடம்பு முடியலை, வெயில் தாங்கலை, வீட்டுல இருந்து போன். யாராவது கூட வருவாங்களா? இந்தக் கேள்விக்குச் சிரிக்கிற குரூப்போட போகாதீங்க.

நம்ம ஊர்ப் படிக்கட்டு

2019-ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணு மாவட்டமா பிரிச்சாலும், நமக்கு ரோடு ஒண்ணுதான். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை, அதாவது என்.ஹெச். 48. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடினு டேனரியும் ஷூ கம்பெனியும் வரிசையா இதை ஒட்டித்தான். அதனால லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓயாது. குறிப்பா காலையில ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரம் டூவீலரும் பஸ்ஸும் சர்வீஸ் ரோட்டை நிறைச்சுடும். ரைடை அதுக்கு முன்னாடியே ஆரம்பிங்க, அல்லது ஞாயித்துக்கிழமை வெச்சுக்கங்க. சர்வீஸ் ரோட்டுல எதிர்ல பைக் வரும்ங்கிறதை ஒரு நொடிகூட மறக்காதீங்க.

முதல் படி: 20 கி.மீ. வேலூர்ல இருந்து ஸ்ரீபுரம் போய் வர்ற தூரம். ஆம்பூர்க்காரங்க வாணியம்பாடி பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பலாம். ரெண்டு மூணு பேர் போதும். கவர்மெண்ட் கொடுத்த ப்ளஸ் ஒன் சைக்கிளே தாராளம்.

ரெண்டாவது படி: 50 கி.மீ. ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற அமிர்தி போய் வரலாம். அல்லது ஆற்காடு போய் மக்கன் பேடா சாப்பிட்டு வரலாம். எந்த குரூப்போடவும் முதல் தடவை இந்தத் தூரத்துக்கு மேல போகாதீங்க. ஒரு குரூப்போட குணம் தெரிய 50 கிலோமீட்டர் போதும்.

மூணாவது படி: 100 கி.மீ. வேலூர் - ஆம்பூர் - வேலூர். பார்க்கத்தான் சமதளம். உண்மையில ஆம்பூர், வேலூரைவிட சுமார் 100 மீட்டர் உயரத்துல இருக்கு. ஏறுறது கண்ணுக்குத் தெரியாம கால்ல மட்டும் தெரியும். 'ஏன் இன்னிக்கு வண்டி இழுக்குது?'ன்னு பிரேக்கைச் செக் பண்ணாதீங்க, அது மேடு! ஆனி, ஆடி மாசம்னா மேற்குக் காத்தும் எதிர்ல சேர்ந்துக்கும். போகும்போது கஞ்சத்தனமா மிதிச்சா, வரும்போது வட்டியோட கிடைக்கும். அங்க போய் சீரக சம்பா பிரியாணியை ஃபுல் கட்டு கட்டிட்டு அடுத்த நிமிஷமே சைக்கிள் ஏறினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். பாதி சாப்பிடுங்க, மீதியைப் பார்சல் கட்டுங்க!

நாலாவது படி: மலை. ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. பாரி, ஓரினு வள்ளல்கள் பேரும் புலவர்கள் பேருமா ஒவ்வொரு வளைவுலயும் போர்டு இருக்கும். மலையில மட்டும் குரூப் உடையறது தப்பில்லை. ஏறும்போது அவங்கவங்க வேகம்தான். ஆனா, எந்த வளைவுல காத்திருக்கணும்னு கீழேயே பேசிக்கங்க. இறங்கும்போது எல்லாருக்கும் மெதுவா இறங்குறவங்க வேகம்.

அஞ்சாவது படி: 200 கி.மீ. இதுதான் பி.ஆர்.எம். இந்தியாவுல ஆடக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்போட கிளப்புகள் நடத்துறாங்க. சென்னை, பெங்களூரு, கோவைனு நடக்கும். ரெண்டு பெரிய ஊருக்கு நடுவுல இருக்கிற நமக்கு இது ஒரு வசதி. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துல முடிக்கணும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே சீசன்ல இந்த நாலையும் முடிச்சா 'சூப்பர் ராண்டனர்' பட்டம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்ஸ்ல நடக்கிற 1,200 கி.மீ. பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் சவாரிக்குப் போக இந்தப் பட்டம்தான் டிக்கெட். 2019-லயும் 2023-லயும் நம்ம நாட்டுல இருந்து நூத்துக்கணக்கான பேர் போயிருக்காங்க.

ஆனா ஞாபகம் வெச்சுக்கங்க, பி.ஆர்.எம். முழுக்க ஃப்ரீ ரகம். வழியில உங்க வண்டி உங்க பொறுப்பு. கன்ட்ரோல் பாயின்ட் தவிர வேற இடத்துல ஆதரவு வண்டி உதவி பண்ணினா ஆட்டம் அவுட். 'நிறைய பேர் வர்றாங்களே, பார்த்துப்பாங்க'ன்னு போறது நான் பண்ணின அதே தப்பு, ரெண்டு மடங்கு தூரத்துல! ஒரு அழகான விஷயமும் உண்டு. இதுல முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. ஏழு மணி நேரத்துல வந்தவருக்கும், 13 மணி 29 நிமிஷத்துல வந்தவருக்கும் ஒரே மரியாதை.

குரூப் எங்கே கிடைக்கும்?

கியர் சைக்கிள் சர்வீஸ் பண்ற கடைக்குப் போங்க. மெக்கானிக் அண்ணனைக் கேளுங்க. யார் வாரா வாரம் செயின் துடைக்க வர்றாங்க, யார் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுறாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு பைபாஸ் டீக்கடைகள்ல நில்லுங்க. ஹெல்மெட்டோட யாராவது டீ குடிச்சுட்டிருந்தா, வெட்கப்படாம போய்ப் பேசுங்க. அவங்க எல்லாரும் சேர்ந்து வந்து உட்கார்றாங்களா, முதல் ஆள் டீயை முடிச்சப்புறம்தான் கடைசி ஆள் வர்றாரானு கவனிங்க. அதுலயே பாதி கேள்விக்குப் பதில் கிடைச்சுடும்.

எதுவுமே சரிப்படலையா? நீங்களே ஆரம்பிங்க! நாலு பேர் போதும். கேர்ள்ஸுக்கு ஸ்பெஷலா ஒண்ணு. 'நம்ம ஊர்ல இதெல்லாம் சரிப்படுமா?'ன்னு யாராவது கேட்டா புதுக்கோட்டையைக் காட்டுங்க. 1990-களோட தொடக்கத்துல, அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக் கொடுத்துச்சு. கல் குவாரியிலயும் வயல்லயும் வேலை பார்த்த பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் ஏறினாங்க. ஒருத்தி தனியா ஓட்டியிருந்தா ஊரே கேலி பண்ணியிருக்கும். கூட்டமா ஓட்டினப்போ கேலி பண்ணினவங்கதான் ஒதுங்க வேண்டியதாச்சு. குரூப்போட பலம் வேகத்துல இல்லை, அதுலதான் இருக்கு.

பையில் இருக்க வேண்டியவை

* ஹெல்மெட். முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட். இருட்டுல ஓட்டினா மின்னுற ஜாக்கெட்.

* ஸ்பேர் டியூப், டயர் கழட்டுற நெம்புகோல், சின்ன பம்ப். ஃபிரெஞ்ச் வால்வுன்னா அந்தப் பித்தளை வாய். விலை கம்மிதான். அது இல்லாததோட விலை ஒண்ணரை மணி நேரம்!

* தண்ணி ரெண்டு பாட்டில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய். சித்திரை வெயில் 40 டிகிரி தாண்டும் ஊர் நம்மது. ஒன்பது மணிக்குள்ள வீடு சேர்ற மாதிரி ரைடு போடுங்க. பத்து மணி வெயில்ல தலை சுத்துனா, இறங்கி நிழல்ல உட்கார்றதுதான் வீரம்.

* முன்னாடி போறவங்க பள்ளம், கண்ணாடித் துண்டு பார்த்தா கையால காட்டணும். பின்னாடி வர்றவங்க அதைத் தனக்குப் பின்னாடி கடத்தணும். கையை விட பயமா இருந்தா, கத்துங்க. 'பள்ளம்!' போதும்.

* வீட்டுக்கு லொகேஷன் ஷேர். இயர்போனுக்குத் தடா.

கிளைமாக்ஸ்!

ரெண்டு மாசம் கழிச்சு நாங்களே ஒரு குரூப் ஆரம்பிச்சோம். மொத்தம் அஞ்சு பேர், மூணு கியர் சைக்கிள், ரெண்டு கவர்மெண்ட் சைக்கிள். ஓடும் வேகம் 16. இதைக் கேட்டுச் சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். முதல் ரைடு அமிர்தி. ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர் ஒருத்திக்கு அதுதான் வாழ்க்கையில முதல் 50. 38-வது கிலோமீட்டர்ல, 'அக்கா, நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்'ன்னா. விரிஞ்சிபுரத்துல நானும் மனசுக்குள்ள இதையேதான் சொல்லிட்டிருந்தேன். அப்போ கேட்கத்தான் பின்னாடி ஆள் இல்லை.

'நான் போக முடியாது. உனக்குப் பின்னாடி வர்றதுதான் இன்னிக்கு என் வேலை'ன்னேன். பத்து நிமிஷம் புளிய மர நிழல்ல உட்கார்ந்தோம். ஒரு கடலை மிட்டாய், அரை பாட்டில் தண்ணி. மறுபடி ஏறிட்டா. கோட்டை வாசல்ல மத்த மூணு பேரும் வெயில்ல நின்னு காத்துட்டிருந்தாங்க. அஞ்சு பேரும் வந்தப்புறம்தான் போட்டோ!

ஆங்... ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னிக்குக் காலையில, நான் ஷூ லேஸ் கட்டும்போது அம்மா எழுந்து வந்து வாசல்ல நின்னாங்க. குரூப்பான்னு கேட்கலை, எத்தனை பேர்னு கேட்கலை.

'கடைசியா வர்றது யாரு?'

'நான்தாம்மா!'